யாருக்குக் கைதட்டுவது? ஓட்டக் குழுவின் பதிவேட்டோடு ஆறு வருடங்கள்

முதல் வருடக் கூட்டத்தில் நாங்கள் மூன்று கோப்பைகள் கொடுத்தோம். 10 கிலோமீட்டரில் வேகமானவருக்கு ஒன்று, அரை மாரத்தானுக்கு ஒன்று, மாரத்தானுக்கு ஒன்று. மூன்றில் இரண்டு ஒரே ஆளுக்குப் போயின. மற்றவர்கள் கைதட்டினோம், போட்டோ எடுத்துக்கொண்டோம், கலைந்தோம். குழுவின் நேரக் கணக்கை எழுதி வைத்திருந்தவள் நான். அதனால் பட்டியல் போட்டதும் நான்தான். எல்லாம் சரியாக நடந்த திருப்தியில் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அதற்கு அடுத்த மூன்று ஞாயிறுகளும் ஒரு பெண் வரவில்லை. வருடம் முழுக்கத் தவறாமல் வந்தவர். போன் செய்தேன். முதலில் கால் வலி என்றார். பேச்சு நீண்டபோது, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "செப்டம்பர்ல முதல் தடவையா நடக்காம 10 கிலோமீட்டர் ஓடினேன் அக்கா. நீங்கதான் முடியிற இடத்துல நின்னு டைம் எழுதினீங்க. கூட்டத்துல ஏதாவது சொல்வீங்கன்னு நினைச்சேன்."

போனை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். அவர் பெயர் இருந்தது, தேதி இருந்தது. 1 மணி 19 நிமிடம் 42 விநாடி என்று நேரமும் துல்லியமாக இருந்தது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி, எட்டு மாதத்தில் நடையை முழுதாக விட்ட செய்தி மட்டும் அதில் எங்கேயும் இல்லை. அவர் எல்லைக் கோட்டைத் தாண்டும்போது நான் குனிந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் புது நோட்டு ஒன்று வாங்கினேன். நேரத்துக்கான நோட்டு தனியாக ஓடட்டும், இது வேறு என்று முடிவு செய்தேன். ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "இன்னிக்கு முதல் தடவையா என்ன நடந்தது?"

ஆரம்பத்தில் பலன் இல்லை. பெரும்பாலும் "ஒண்ணுமில்லையே" என்றுதான் பதில் வந்தது. இரண்டு விஷயங்களைத் தவறாகச் செய்துகொண்டிருந்தேன். ஒன்று, ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் கேட்டேன். அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் தோன்றாது. பத்து நிமிடம் கழித்து, தரையில் உட்கார்ந்து காலை நீட்டி ஸ்ட்ரெச்சிங் செய்யும்போது கேட்டால் பேச்சு தானாக வருகிறது. இரண்டாவதுதான் முக்கியம். தன்னைப் பற்றிக் கேட்டால் கூச்சப்படுகிறவர், பக்கத்தில் ஓடியவரைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்கிறார். அதனால் கேள்வியை மாற்றினேன்: "உங்க பக்கத்துல ஓடினவர் இன்னிக்கு என்ன செஞ்சார்?"

கேள்வி மாறியதும் நோட்டு நிரம்ப ஆரம்பித்தது. பிரசவத்துக்குப் பிறகு வந்த ஒருவர் முதல் முறையாக 5 கிலோமீட்டரை முடித்தார். எப்போதும் முதல் கிலோமீட்டரைத் தலைதெறிக்க ஓடிக் கடைசியில் துவண்டுபோகும் இளைஞர், முதல் பாதியை அடக்கி ஓடி இரண்டாம் பாதியை அதைவிட வேகமாக முடித்தார். யாராவது தன்னை முந்தினால் துரத்தியே தீரும் ஒருவர், அன்று மூன்று பேரை முந்த விட்டுவிட்டுத் தன் வேகத்திலேயே போனார். இந்த மூன்றாவதை அவரோடு ஓடியவர் கவனிக்காமல் போயிருந்தால் எந்த வாட்சும் எந்தச் செயலியும் காட்டியிருக்காது.

அந்த நாளிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குறிப்பின் கீழும் அதைப் பார்த்தவரின் பெயர் இருக்க வேண்டும். பாராட்டுகிறவர் அந்த இடத்தில் இருந்தவராக இருந்தால், கேட்கிறவருக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்கிறது. "சூப்பர், கலக்கிட்டீங்க" என்று நாற்பது பேர் குரூப்பில் போடும் செய்தியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. "ஏழாவது கிலோமீட்டர் ஏற்றத்துல நீங்க தலையைத் தொங்கப் போடாம ஓடினதைப் பின்னாடியிருந்து பாத்தேன்" என்று ஒருவர் சொன்னால் அது வருடக்கணக்கில் நிற்கிறது.

இனி நாங்கள் செய்த பெரிய தவறைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வருடம் உற்சாகத்தில் "100 நாள் தொடர் ஓட்டம்" அறிவித்தோம். ஒரு நாள்கூட விடாமல் தினமும் குறைந்தது 3 கிலோமீட்டர். முடிப்பவர்களுக்கு டீ-ஷர்ட். 17 பேர் பெயர் கொடுத்தார்கள், 9 பேர் முடித்தார்கள். ஒன்பது பேரையும் மேடையேற்றிக் கைதட்டினோம். அதில் ஒருவர் காய்ச்சலோடு மூன்று நாள் ஓடியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டியலில் இல்லாத ஒரு பெண், கீழ்க்கால் எலும்பில் வலி வந்த பிறகும் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு வாரம் ஓடியிருக்கிறார். ஸ்கேனில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது தொடர் அழுத்தத்தால் எலும்பில் வரும் நுண்ணிய விரிசல், என்று வந்தது. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள ஓய்வு வேண்டும். அந்த ஓய்வை நாங்கள் போட்டி விதியால் தடுத்து வைத்திருந்தோம். எட்டு வாரம் அவர் ஓடவில்லை. மருத்துவரிடம் அவர் முதலில் கேட்டது, "இன்னும் 11 நாள்தான் இருக்கு, மெதுவா ஓடி முடிச்சுடட்டுமா?" என்பதாம். இதை அவரே என்னிடம் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. 100 நாள் முடித்த ஒன்பது பேரில் ஐந்து பேர் அடுத்த இரண்டு வாரம் ஓடவே இல்லை. இருவர் குழுவுக்கு வருவதையே மெல்ல விட்டுவிட்டார்கள்.

இது ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் வெளியிட்டது. படம் வரையப் பிடித்த நர்சரிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம், "படம் வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்கு முன்பே சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் விளையாட விட்டபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை.

எங்கள் ஆட்கள் குழந்தைகள் இல்லைதான். ஆனாலும் அந்த ஐந்து பேரின் முகம் நினைவுக்கு வந்தது. பிடித்து ஓடிக்கொண்டிருந்தவர்களை டீ-ஷர்ட்டுக்காக ஓட வைத்திருக்கிறோம்.

தொடர் ஓட்டப் போட்டியை அத்தோடு நிறுத்திவிட்டோம். மொத்த எண்ணிக்கைக்கு மாறினோம். இதில் பார்க்ரன் அமைப்பிடமிருந்து கற்றுக்கொண்டது அதிகம். 2004-ல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது அது. வாரம் ஒரு முறை 5 கிலோமீட்டர், இலவசம். 25, 50, 100, 250, 500, 1000 என்று மைல்கற்கள் உண்டு. எத்தனை மாதம் விட்டுவிட்டு வந்தாலும் எண்ணிக்கை அப்படியே காத்திருக்கும், யாருக்கும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டிய நிலை வராது. கால் வலிக்கிறவர் வீட்டில் இருக்கலாம், அவருடைய 43 என்ற எண்ணிக்கை எங்கேயும் ஓடிப்போகாது. அங்கே தன்னார்வப் பணிக்கும் இதே எண்கள்தான். 25 முறை வழிகாட்டி நின்றவரும் 25 முறை ஓடியவரும் அங்கே ஒரே அளவில் மைல்கல் தொட்டவர்கள். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். எங்கள் நோட்டில் தண்ணீர் கொடுக்க நின்றவர், கடைசி ஆளோடு கடைசி வரை வந்தவர், வழியில் அம்புக்குறி வைக்க விடியுமுன் வந்தவர் எல்லோருக்கும் எண்ணிக்கை ஓடுகிறது. இந்தக் கணக்கைத் தொடங்கியதும் ஒரு உண்மை தெரிந்தது. வருடத்துக்கு 30 ஞாயிறுகளுக்கு மேல் அந்த வேலைகளை நான்கே பேர் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களை மேடையேற்றியதோடு, மற்றவர்களை வைத்து முறை போட்டு அந்த நால்வரையும் ஓட விட்டோம். அவர்களுக்குப் பிடித்த பாராட்டு அதுவாகத்தான் இருந்தது.

வேகமானவர்களைப் பாராட்டக் கூடாதா என்று ஒரு கேள்வி எழுந்தது. ஓரிருவருக்கு வருத்தமும் இருந்தது. நியாயமான வருத்தம்தான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து இன்டர்வெல் பயிற்சி (வேக ஓட்டமும் மெதுவான ஓட்டமும் மாறி மாறி) செய்து மாரத்தானில் நான்கு நிமிடம் குறைத்தவரின் உழைப்பும் உழைப்புதானே. முதலிடத்தை ஒழிக்க வேண்டியதில்லை, இன்னும் நாலு வாசல் திறந்தால் போதும் என்பது என் கருத்து. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் இதை அழகாகச் செய்கிறார்கள். சுமார் 90 கிலோமீட்டர் தூரம், 12 மணி நேர வரம்பு. முதல் பத்து இடங்களுக்குத் தங்கப் பதக்கம். ஒன்பது மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு பில் ரோவன் பெயரில் ஒரு பதக்கம். முதல் ஓட்டத்தில் வென்றவர் அவர், எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 59 நிமிடம். அன்று முதலிடம் பெற்ற நேரம் இன்று ஒரு பதக்கத்துக்கான இலக்கு! கடைசி ஒரு மணி நேரத்தில் தள்ளாடி வந்து சேர்கிறவர்களுக்கு, அந்த ஓட்டத்தைத் தொடங்கிய விக் கிளாபம் பெயரில் பதக்கம். பத்து முறை முடித்துவிட்டால், ஓடும்போது சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பச்சை எண். அந்த எண் அப்புறம் வேறு யாருக்கும் போகாது, அவருக்கே சொந்தம். இப்படிப் பதக்கங்களுக்குப் பெயரும் கதையும் இருப்பதால், தங்கம் கிடைக்காதவருக்கு ஆறுதல் பரிசு வாங்கும் உணர்வு வருவதில்லை.

வயது பற்றி ஒரு சம்பவம். எங்கள் குழுவில் 67 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு கூட்டத்தில் இளைஞர் ஒருவர் அவரைப் பற்றி, "இந்த வயசுலயும் ஓடுறாரே, அதுவே பெரிசு" என்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஐயா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அந்த இளைஞரைக் கூப்பிட்டு, "வயசை விடு தம்பி. கடைசி ரெண்டு கிலோமீட்டரை நான் எவ்வளவுல ஓடினேன், அதைச் சொல்லு" என்றார்.

அந்த வாரமே வயது-தரக் கணக்கை ஆரம்பித்தோம். மூத்த வீரர்களுக்கான உலக மாஸ்டர்ஸ் தடகள அமைப்பின் வயதுக் காரணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வயதுக்கும் தூரத்துக்கும் உலகத் தர நேரம் ஒன்று வைத்து, அதை நம்முடைய நேரத்தால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வது. 60 சதவீதம் என்றால் உள்ளூர்த் தரம், 70 வட்டாரத் தரம், 80 தேசியத் தரம், 90 உலகத் தரம் என்று வழக்கமாகப் பிரிக்கிறார்கள். 10 கிலோமீட்டரை 44 நிமிடத்தில் ஓடும் 30 வயது ஆண் 60 சதவீதத்தை ஒட்டி வருவார். 52 நிமிடத்தில் ஓடும் 62 வயது ஆண் அவரைவிடக் கூடுதல் சதவீதம் வாங்கிவிடுவார். எட்டு நிமிடம் பின்னால் வந்தவர் உண்மையில் முன்னால் இருக்கிறார். கனடாவின் எட் விட்லாக் 2004-ல், 73 வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். அதை "வயதானவர் ஓடினார்" என்று சொல்லி முடிப்பது அவரை அவமதிப்பது. எங்கள் குழுவில் யாருடைய நேரத்தையும் வாசிக்கும்போது பக்கத்திலேயே இந்தச் சதவீதத்தையும் வாசிக்கிறோம். ஐயாவின் பெயர் இப்போது வரிசையில் எங்கே வருகிறது என்று பார்த்து இளைஞர்கள் பயிற்சியைக் கூட்டியிருக்கிறார்கள்.

நேரத் தகராறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "என் வாட்சுல 10 கிலோமீட்டர் 49 நிமிஷம், நீங்க 50 போட்டிருக்கீங்க" என்ற சண்டை எல்லாக் குழுவிலும் உண்டு. முறையாக அளந்த பாதையில், குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்தே அளக்கிறார்கள். மாரத்தானில் அது 42 மீட்டர். போதாததற்கு நாம் வளைவுகளில் உள்விளிம்பை ஒட்டி ஓடுவதில்லை, ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் தடுமாறும். அதனால் வாட்ச் முன்னதாகவே 10 காட்டிவிடும். பெர்சனல் பெஸ்ட் (அவரவரின் சிறந்த நேரம்) பட்டியலுக்கு, போட்டியில் ஓடுபவர் அணியும் சிப் பதிவு செய்த அதிகாரபூர்வ நேரம் மட்டும்தான் என்று எழுதி ஒட்டிவிட்டோம். பயிற்சியில் வந்த நேரங்களுக்குத் தனிப் பக்கம். விதியை வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வருவதில்லை.

எதைச் சொல்லக் கூடாது என்பதிலும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ஒருவர் உடல் எடை குறைத்ததை மேடையில் கிலோ கணக்கோடு அறிவித்தோம். அவர் சிரித்தார். பிறகு தனியாக வந்து, அது ஒரு நோயின் காரணமாகவும் குறைந்தது என்றார். இன்று எடையைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. நோய், பிரசவம், மன அழுத்தம், குடும்பத்தில் இழப்பு, இவற்றைத் தாண்டி ஓட வந்தவர்களைப் பற்றிச் சொல்வதானால் முன்பே அவரிடம் வரியை வாசித்துக் காட்டி, "இதைச் சொல்லலாமா?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். வேண்டாம் என்றால் அந்த வரியைத் துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கூட்டத்தில் கைதட்டல் வாங்குவதைவிட அந்தச் சீட்டையே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

பேசர்களுக்கு (pacer) ஒரு தனி வார்த்தை சொல்லியாக வேண்டும். இன்னொருவரின் வேகத்தைப் பிடித்துக் கொடுக்கத் தன் ஓட்டத்தை விட்டுக்கொடுப்பவர்கள். 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியட் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது, முறை வைத்து அவரைச் சூழ்ந்து ஓடியவர்கள் 41 பேர். நியூயார்க் மாரத்தானை ஒன்பது முறை வென்ற கிரேட்டே வைட்ஸ், 1992-ல் அதே பாதையை 5 மணி 32 நிமிடத்தில் முடித்தார். மூளைப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பிறகு ஓடிய ஃப்ரெட் லெபோவின் பக்கத்திலேயே, அவர் வேகத்திலேயே, கடைசி வரை வந்தார். அந்தப் போட்டியை வளர்த்தெடுத்தவர் லெபோ. எங்கள் குழுவில் அரை மாரத்தானை 1 மணி 40-க்குள் முடிக்கக்கூடிய ஒருவர், கடந்த இரண்டு வருடமாக 2 மணி 30 நிமிடக் கூட்டத்தோடு ஓடுகிறார். அவருடைய நேரப் பட்டியலைப் பார்த்தால் தேய்ந்துபோனவர் மாதிரி தெரியும். அதனால் நோட்டில் ஜோடிக் குறிப்பு என்று ஒன்று வைத்தோம். ஒருவர் இலக்கை எட்டினால் அந்தக் குறிப்பில் இரண்டு பெயர்கள் இருக்கும், ஓடியவர் பெயரும் கூட்டிவந்தவர் பெயரும். போன வருடம் அப்படி 14 குறிப்புகளில் அவர் பெயர் இருந்தது. குழுவிலேயே அதிகம்.

ஆண்டுக் கூட்டம் இப்போது முழுக்க மாறிவிட்டது. ஒவ்வொருவருக்கும் நோட்டிலிருந்து ஒரு வரி. அதை வாசிப்பது நான் இல்லை, அதைப் பார்த்து எழுதச் சொன்னவர். ஒருவருக்கு ஒரு நிமிடம்தான். யாருக்கு எந்த வரி என்பது முன்கூட்டித் தெரியாது. ஒப்புதல் கேட்க வேண்டியவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. ஒருவருக்கு வரியே இல்லை என்றால் அது என் தவறு, அவருடைய தவறு இல்லை. அதனால் நவம்பர் பிறந்ததும் நோட்டைப் புரட்டி, யார் பெயர் வரவில்லை என்று பார்த்து, அடுத்த சில ஞாயிறுகள் அவர்களோடு நானே ஓடுகிறேன். இட்டுக்கட்டி எழுதியதில்லை. பக்கத்தில் ஓடினால் எழுத ஏதாவது கிடைக்காமல் போனதே இல்லை.

முதலில் சொன்ன பெண்ணுக்கு அடுத்த வருடக் கூட்டத்தில் அந்தச் செப்டம்பர் வரியை வாசித்தேன், 15 மாதம் தாமதமாக. தாமதத்துக்கு மன்னிப்பும் அதே மேடையில் கேட்டேன். அன்று ஞாயிறு ஓட்டங்களுக்கு அவர் திரும்பி வந்து மாதங்கள் ஆகியிருந்தன. நான் அவரை மீண்டும் மீண்டும் கூப்பிட்டதைவிட, அவர் வந்த முதல் நாள் கூட ஓடியவர்கள்தான் அதற்குக் காரணம்.

போன வருடம் எங்களில் ஒருவர் முதல் மாரத்தானில் 32-வது கிலோமீட்டரில் நின்றுவிட்டார். நல்ல வெயில். உடம்பு சிலிர்த்திருக்கிறது, தலை சுற்றியிருக்கிறது. வாட்சில் எண் தெரிகிறது, ஆனால் மீதி எத்தனை கிலோமீட்டர் என்று கழித்துப் பார்க்க முடியவில்லை. கழித்தல் வரவில்லை என்று தெரிந்ததும் பாதையை விட்டு விலகி மருத்துவக் கூடாரத்துக்கு நடந்தே போயிருக்கிறார். 18 வாரப் பயிற்சி, ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்த ஓட்டம், இன்னும் 10 கிலோமீட்டர்தான். மருத்துவர் அவரைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் படுக்க வைத்தார். கூட ஓடியவர் அன்று மாலையே எனக்குப் போன் செய்து எழுதச் சொன்னார்: "32-ல் கணக்கு வரவில்லை என்று உணர்ந்தார். நின்றார். யாரும் சொல்லாமல் தானே நின்றார்."

நான்கு மாதம் கழித்து அவர் வேறொரு மாரத்தானை முழுதாக முடித்தார், 4 மணி 51 நிமிடம். அந்தக் குறிப்பும் நோட்டில் இருக்கிறது. கூட்டத்துக்கு முந்தைய வாரம், உடல்நலம் சம்பந்தப்பட்டது என்பதால், இரண்டு வரிகளையும் அவரிடம் காட்டி எதை வாசிக்கலாம் என்று கேட்டேன். இரண்டையும் படித்தார். நோட்டை என் பக்கம் திருப்பி, 32-வது கிலோமீட்டர் வரியின் மேல் விரலை வைத்தார்.